குவேக் கேமுக்குள் ஒரு கோட்டை: மேப் செய்யத் தொடங்கும் திருமலைப் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கோட்டை புத்தகத்தில் மட்டும் பார்த்த விஷயம் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிரட்ரிக் கோட்டையின் வாசலுக்குள்ளால்தான் போகிறோம். வெளியே வெயில், வாசல் வளைவுக்குள் நுழைந்ததும் ஒரு இருட்டு, அடுத்த பக்கம் மரநிழலும் மான்களும். ஒரு கட்டடம் ஆளை எப்படி நடத்திக்கொண்டு போகிறது என்பது நமக்குக் காலால் தெரியும். அதனால் இந்த ஊரில் யாராவது கேம் மேப், அதாவது விளையாடுகிறவர் நடமாடும் இடம், செய்யப் பழக வேண்டும் என்று கேட்டால், கோட்டையில் தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தக் கட்டுரை ஒன்றுமே தெரியாதவர்களுக்கானது. 1996இல் வந்த குவேக் என்ற பழைய சுடும் விளையாட்டுக்குள், மத்திய காலத்துப் பாணியில் ஒரு சின்னக் கோட்டையைக் கட்டுவோம். ஒரு வாசல், ஒரு முற்றம், ஒரு கோபுரம், அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பழைய லப்டொப்பே போதும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வருகிற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கோட்டையை அதற்குள் புகப்போகிறவனாக நினைத்துக் கட்டாதீர்கள், அதைக் காக்கப்போகிறவனாக நினைத்துக் கட்டுங்கள். எதிரி எந்தப் பக்கத்தால் வருவான், எங்கே அவனை மறிப்பேன், மறிக்க முடியாவிட்டால் எங்கே பின்வாங்குவேன். இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற கோட்டை, விளையாடுகிறவருக்கு உண்மையான இடமாகத் தெரியும். பதில் இல்லாத கோட்டையில் எவ்வளவு அலங்காரம் செய்தாலும் அது கல் படம் ஒட்டிய அறைகளாகத்தான் இருக்கும்.

ஏன் குவேக்

குவேக்குக்கு முந்திய டூம் என்ற சுடும் விளையாட்டு 1993 டிசம்பரில் வந்தது. அதற்கு மேப் செய்வது இதைவிடச் சுலபம், இன்றைக்கும் அதற்கு அருமையான மேப்கள் வருகின்றன. ஆனால் மூல டூமில் ஒரு இடத்துக்கு ஒரே ஒரு தரை, ஒரே ஒரு கூரை. வாசலுக்குக் கீழே ஒருவர் நடக்க, அதே வாசலின் மேலே காவல்காரன் நடப்பது அதில் முடியாது. கோட்டையின் உயிரே அந்த மேல் கீழ் அமைப்பில்தான் இருக்கிறது. 1996 ஜூனில் வந்த குவேக்கில் உலகம் முழுதாக முப்பரிமாணம். பாலம், மேல்தளம், படிக்கட்டு, நிலவறை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அதோடு குவேக்கின் அரக்கர்களில் வாள் வீரர்களும் இருக்கிறார்கள். தீப்பந்தம், கல்மதில், மரக்கதவு எல்லாம் கேமுக்குள்ளேயே உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. குவேக்கின் மூல மேப்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோன் ரொமேரோ, அவற்றின் மூலக் கோப்புகளை 2006இல் பொதுவில் வெளியிட்டார். முதல் பாகத்தின் இரண்டாவது மேப் ஒரு கோட்டை. அதை எடிட்டரில் திறந்து ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்க்கலாம். இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

தேவையான சாமான்கள்

நான்கு தேவை. முதலாவது கேமின் கோப்புகள். விலை கொடுத்து வாங்கினால் பாக் கோப்புகள் இரண்டு வரும். இலவசமாகப் பரவிய பழைய ஷெயர்வேர் பதிப்பில் முதல் பாகத்தை விளையாடலாம், ஆனால் அது வெளியார் செய்த மேப்பை ஏற்காது, அதோடு மினக்கெட வேண்டாம். வாங்க வசதி இல்லை என்றால் லிப்ரேகுவேக்கை இறக்குங்கள். ஆர்வலர்கள் கூடி, குவேக்கின் படங்களுக்கும் ஒலிகளுக்கும் பதிலாகப் புதிதாகச் செய்து இலவசமாகத் தந்திருப்பது அது.

இரண்டாவது கேமை ஓட்டும் எஞ்சின். 1999 டிசம்பரில் குவேக்கின் மூல நிரல் பொதுவில் விடப்பட்ட பிறகு பலர் அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். குவேக்ஸ்பாஸ்ம் அல்லது அயர்ன்வேல், இரண்டில் ஒன்று போதும். மூன்றாவது டிரெஞ்ச்புரூம் என்ற எடிட்டர், கட்டுமான வேலை முழுக்க அதில்தான். நான்காவது எரிக்டபிள்யூ டூல்ஸ். நீங்கள் கட்டியதைக் கேமுக்கு விளங்கும் பிஎஸ்பி கோப்பாக மாற்றித் தருவது அது. கேமின் கோப்புகளைத் தவிர மற்ற மூன்றும் இலவசம், பெரிய டேட்டாவும் தின்னாது.

டிரெஞ்ச்புரூமில் புது மேப் திறக்கும்போது எந்த கேம் என்று கேட்கும், குவேக்கைத் தெரிவு செய்யுங்கள். மேப்பின் வடிவம் கேட்கும் இடத்தில் வால்வ் என்பதை எடுங்கள். சாய்ந்த சுவரில் கல் படத்தை நேராக ஒட்ட அது உதவும். கேம் இருக்கும் ஃபோல்டரையும் காட்டிக் கொடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, இடைவெளி இல்லாமல். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீடுகளில் அடிக்கடி சேமித்துக்கொள்வதையும் பழக்கமாக்குங்கள்.

முதலில் ஒரு வெற்று அறை

கோட்டைக்குப் போகாதீர்கள். முதல் நாள் ஒரு பெட்டி அறை மட்டும். தரைக்கு ஒரு பிரஷ், கூரைக்கு ஒன்று, நான்கு சுவருக்கு நான்கு. பிரஷ் என்பது திண்மையான ஒரு கட்டி. குவேக்கில் எல்லாமே இந்தக் கட்டிகளால் கட்டப்பட்டவைதான். மவுஸால் இழுத்தால் கட்டி வரும், டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டும் படத்தை, தெரிவு செய்தால் அது கல்லாகவோ மரமாகவோ மாறும். உள்ளே வீரன் தொடங்கும் இடத்துக்கான குறியையும் ஒரு விளக்கையும் வையுங்கள். விளக்கின் ஒளி அளவு சும்மா விட்டால் 300 ஆக இருக்கும், அது போதும்.

பிறகு எரிக்டபிள்யூ டூல்ஸால் கொம்பைல் செய்யுங்கள், அதாவது கேமுக்கு விளங்கும் கோப்பாக மாற்றுங்கள். மூன்று வேலை நடக்கும். முதலாவது கட்டிகளைச் சேர்த்துக் கட்டடமாக்கும். இரண்டாவது எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்று கணக்குப் பார்க்கும். மூன்றாவது வெளிச்சத்தைக் கணிக்கும். வருகிற பிஎஸ்பி கோப்பை கேமின் ஐடி1 ஃபோல்டருக்குள் மேப்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு, கேமைத் திறந்து, கட்டளை அடிக்கும் கொன்சோலில் மேப் என்று அடித்து உங்கள் கோப்பின் பெயரையும் கொடுத்தால் அந்த அறைக்குள் நிற்பீர்கள். இந்த முழுச் சுற்றையும் ஒருமுறை முடித்துப் பார்க்காமல் பெரிதாக எதையும் கட்டக் கூடாது. பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது கட்டத் தெரியாமல் இல்லை, கட்டியதைக் கேமுக்குள் கொண்டுவரத் தெரியாமல்தான்.

அளவுகள்

குவேக்கின் வீரன் 32 அலகு அகலம், 56 அலகு உயரம். கண் இருக்கும் உயரம் தரையிலிருந்து 46. தானாக ஏறக்கூடிய படி 18 அலகு வரை. குதித்தால் ஏறத்தாழ 45 அலகு எழும்புவான். இந்த ஐந்து எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். படிக்கட்டுக்கு 8 அல்லது 16 உயரம் வையுங்கள். ஏற விடக் கூடாத தடுப்பு என்றால் 64. நடைபாதை 96இலிருந்து 128 அகலம் இருந்தால் சண்டை போட இடம் இருக்கும்.

ஓகர், ஷாம்ப்ளர், ஃபீண்ட் மாதிரிப் பெரிய அரக்கர்களுக்கு எஞ்சின் 64 அகலமும் 88 உயரமும் கணக்கெடுக்கும். அவை வந்து போக வேண்டிய கதவுக்கு அதைவிடக் கூட இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். முழு மேப்பும் 2048க்கு 2048 என்ற சதுரத்துக்குள் அடங்கட்டும். எடிட்டரின் கட்டத்தை 16இல் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். சிறு வேலைப்பாட்டுக்கு மட்டும் 8க்கு இறங்கலாம். 1, 2 என்ற கட்டத்தில் கை வைத்தால் சுவர்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத நீக்கல்கள் வரும், அதைத் தேடிப் பிடிக்கிறதே ஒரு வேலையாகிவிடும்.

கோட்டைக்கு ஒரு நடை

இப்போது லப்டொப்பை மூடிவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பிரட்ரிக் கோட்டைக்குப் போங்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது, அதனால் நினைத்த இடத்தில் போனைத் தூக்கிப் படம் பிடிக்கக் கூடாது. கேட்டு, விடுகிற இடத்தில் மட்டும் எடுங்கள். மற்றதற்குக் கொப்பி இருக்கிறது. உண்மையில் கையால் வரைந்தால்தான் அளவு மனதில் நிற்கும்.

அங்கே பார்க்க வேண்டிய முதல் விஷயம், மதில் எங்கே இருக்கிறது என்பதல்ல, எங்கே இல்லை என்பது. கோட்டை நிற்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனையில். சுவாமிமலைப் பக்கம் செங்குத்துப் பாறை, அங்கே கடலே காவல். கனத்த மதில் எழும்பி நிற்பது ஊரைப் பார்த்த பக்கத்தில், நிலம் ஒடுங்குகிற கழுத்தில். எதிரி வரக்கூடிய பக்கத்தில்தான் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். மேப்புக்கு இதைவிட நல்ல வரைபடம் வேண்டாம். ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் பாறையும் கடலும். விளையாடுகிறவர் எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்பதை நிலமே சொல்லிவிடும், கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்து ஏமாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, பாதையின் ஏற்றம். வாசலிலிருந்து கோயில் வரை பாதை ஏறிக்கொண்டே போகிறது, முடிவிடம் எப்போதும் மேலே இருக்கிறது. உங்கள் கோபுரத்தையும் அப்படி மேட்டில் வையுங்கள். தொடங்கும் இடத்திலிருந்தே அது தெரிய வேண்டும், போய்ச் சேர்வதற்குச் சுற்ற வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படியே எடுக்கவும் முடியாது. பிரட்ரிக் கோட்டை மத்திய காலத்துக் கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கற்களையும் போட்டு இங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1803இல்தான் பிரட்ரிக் என்ற பெயர் வந்தது. இது பீரங்கிக் காலத்துக் கட்டுமானம். பீரங்கிக் குண்டு உயர்ந்த மெல்லிய மதிலை உடைத்துவிடும், அதனால் மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, உள்ளே மண்ணை நிரப்பி, முனைகளில் கொத்தளம் தள்ளினார்கள். அதற்கு முந்திய காலத்தில் ஏணி வைத்து ஏறுகிறவனுக்குத்தான் பயம், ஆகவே மதில் உயரமாகவும் ஒடுக்கமாகவும், மேலே பல் பல்லாக நிற்கும் ஞாயிலும் அம்பு எய்யும் துளையான ஏப்புழையுமாக இருக்கும். உங்கள் மேப்புக்கு நிலத்தின் அமைப்பையும் வாசலையும் இங்கிருந்து எடுங்கள், மதிலின் உயரத்தை அந்தப் பழைய காலத்திலிருந்து எடுங்கள். இரண்டையும் கலந்து அரைகுறையாக விட்டால் பார்க்கிறவருக்கு ஏதோ இடிக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் மேலிருந்து பார்க்கிற மாதிரித் திட்டம் வரையுங்கள். பாதை நேர்க்கோடாகப் போய் முடியக் கூடாது. வாசலால் புகுந்து, முற்றத்தைக் கடந்து, மதில் மேல் ஏறி, சுற்றி வந்து, முன்பு பூட்டிக் கிடந்த கதவுக்குத் திரும்ப வேண்டும். பூட்டிய கதவை முதலில் காட்டுங்கள், திறப்பைப் பிறகு கொடுங்கள். வெள்ளித் திறப்பு, தங்கத் திறப்பு என்று குவேக்கில் இரண்டு உண்டு. கதவைத் திறந்ததும் அந்தத் திறப்பு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் மேப்புக்கு வெள்ளி ஒன்றே போதும்.

வாசல்

அதிக நேரம் மினக்கெட வேண்டிய இடம் இதுதான்.

வாசலின் அகலம் 128, உயரம் 160, வாசலைத் தாங்கும் கட்டடத்தின் ஆழம் 256. அதாவது உள்ளே நுழைகிறவர் இரண்டு பக்கமும் கல்லோடு ஒரு குகைக்குள்ளால் நடக்க வேண்டும். மதிலில் ஓட்டை போட்டுக் கதவு வைத்தால் அது வாசல் ஆகாது. நம் கோட்டையில் நுழையும்போது வருகிற அந்த ஒரு நொடி இருட்டு, தடிப்பால்தான் வருகிறது.

வளைவுக்கு எட்டுத் துண்டு போதும். அரை வட்டத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெட்டும் கருவியால் சாய்த்து வெட்டிச் செய்யுங்கள். ஒரு பாதியைச் செய்து மற்றப் பாதிக்குக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடலாம். முனைகள் கட்டத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக வடிவாகப் பாருங்கள்.

பிறகு இரும்புக் கிராதி. 8 அலகுத் தடிப்பில் நிமிர்ந்த கம்பிகள், இடையில் 24 அலகு இடைவெளி, குறுக்கே இரண்டு மூன்று சட்டம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து, வலது கிளிக்கில் கதவு என்ற என்டிட்டியாக, அதாவது கேமுக்குள் வேலை செய்யும் பொருளாக, மாற்றுங்கள். திசைக்கு −1 என்று போட்டால் மேலே எழும்பும், −2 என்று போட்டால் கீழே இறங்கும். ஒரு பெயரும் கொடுங்கள். பெயர் வைத்த கதவு தொட்டால் திறக்காது, அந்தப் பெயரை அழைக்கும் பொத்தானோ, ஆள் பட்டதும் வேலை செய்யும் கண்ணுக்குத் தெரியாத தூண்டியோதான் திறக்கும். காத்திருக்கும் நேரத்தை −1 ஆக்கினால் திறந்தபடியே நிற்கும். வேகம் சும்மா விட்டால் 100, கிராதிக்கு அது கூட, 40 போட்டுப் பாருங்கள். பாரம் தெரியும். முழுதாக மேலே போனாலும் 8 அலகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது இயல்பான அமைப்பு. அதை மாற்றாதீர்கள், கிராதியின் கூர் நுனி தலைக்கு மேல் தெரிந்தால்தான் அழகு.

கிராதியைத் திறக்கும் பொத்தானை எங்கே வைப்பது? இங்கேதான் காக்கிறவனாக யோசிக்க வேண்டும். எந்தக் காவல்காரனும் பொத்தானை வெளியே வைக்க மாட்டான். அது வாசலுக்கு மேலே உள்ள அறையில் இருக்க வேண்டும். அப்படியானால் விளையாடுகிறவர் முதலில் வேறு வழியால் உள்ளே புக வேண்டும், பாறையடியில் கடல் உடைத்த ஒரு பிளவாலோ, தண்ணீர் போகும் மதகாலோ. ஒரு பொத்தானைச் சரியான இடத்தில் வைத்ததால் உங்கள் மேப்புக்கு ஒரு கதை வந்துவிட்டது, ஒரு வசனமும் எழுதாமல்.

நுழைகிறவன் தலையில் கல்லும் கொதி எண்ணெயும் கொட்ட, அந்தக் கால வாசல்களின் கூரையில் துளைகள் விட்டிருப்பார்கள். புதியவர்கள் அந்தத் துளைக்கு மேலே ஓகரை நிறுத்தப் பார்ப்பார்கள். அது வேலை செய்யாது. ஓகர் குண்டை எறியும்போது எப்போதும் ஒரே அளவு மேல்நோக்கித்தான் எறியும், உயர வித்தியாசத்தைக் கணக்கெடுக்காது. நேர் கீழே நிற்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பதில் ஆணி எய்யும் பொறியை வைத்து, திசைக்கு −2 போட்டு, கீழே நடைபாதையில் ஒரு தூண்டியோடு இணையுங்கள். ஒரு ஆணிக்கு 9 புள்ளி உயிர் போகும், பயப்படுத்த அது போதும். துளையின் அகலம் 24 இருக்கட்டும், அப்போது மேலே நடக்கிறவர் தவறி விழ மாட்டார்.

மதில்

மதிலின் தடிப்பு 64இலிருந்து 96. மேலே இருவர் விலகி நடக்கும் அளவுக்கு வழி. ஞாயிலின் உயர்ந்த பகுதி 64, அதற்குப் பின்னால் வீரன் முழுதாக மறைவான். தாழ்ந்த பகுதிக்கு 24 போடுங்கள். இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. குவேக்கில் துப்பாக்கிச் சூடு கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, தரையிலிருந்து சுமார் 38 அலகு உயரத்திலிருந்து புறப்படும். தாழ்ந்த பகுதியை 40 ஆக வைத்தால் எதிரி கண்ணுக்குத் தெரிவான், சுட்டால் குண்டு உங்கள் மதிலிலேயே படும். விளையாடுகிறவருக்கு எரிச்சல் வரும், காரணம் விளங்காது. 24 என்றால் சூடு தாராளமாகப் போகும், 18ஐவிடக் கூட என்பதால் தற்செயலாக ஏறி விழவும் மாட்டார், வேண்டுமென்று குதித்தால் குதிக்கலாம். குதிக்க விடக் கூடாது என்றால் கிளிப் டெக்ஸ்சர் பூசிய ஒரு கட்டியை மேலே வையுங்கள், அது கண்ணுக்குத் தெரியாது, ஆளை மட்டும் மறிக்கும், குண்டை மறிக்காது.

ஞாயில், படிக்கட்டின் கைப்பிடி, தூணின் வேலைப்பாடு ஆகியவற்றை எல்லாம் டீட்டெயில் என்ற வகைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது கணக்கு, அந்தத் தெரிவுக் கணக்கு, ஒவ்வொரு பல்லையும் எண்ணிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். ஆனால் வெளியுலகை மறைக்கும் சுவரை டீட்டெயில் ஆக்கக் கூடாது, அது அடைப்பாகக் கணக்கில் வராது.

பாறையும் கடலும், கசிவும்

குவேக் மேப் எல்லாப் பக்கமும் அடைத்திருக்க வேண்டும். திறந்த வெளி மாதிரித் தெரிவதும் உண்மையில் வானம் என்ற டெக்ஸ்சர் பூசிய கட்டிகளால் மூடியதுதான். எங்காவது ஒரு முடி அளவு நீக்கல் இருந்தால் கசிவு என்று கொம்பைலர் சொல்லும், தெரிவுக் கணக்கு நடக்காது. பயப்படாதீர்கள். கசிவு எந்த வழியால் போகிறது என்று ஒரு கோப்பு எழுதித் தரும். டிரெஞ்ச்புரூமில் அந்தப் பொயின்ட் கோப்பைத் திறந்தால் உள்ளே இருந்து வெளியே ஒரு கோடு தெரியும். கோடு சுவரைத் தாண்டும் இடம்தான் ஓட்டை.

கசிவு வந்ததும் முழு மேப்பையும் சுற்றி ஒரு பெரிய வானப் பெட்டி போட்டு மூடிவிடச் சிலர் சொல்லித் தருவார்கள். அதைச் செய்யாதீர்கள். கோட்டையின் வெளிப்புறம் எல்லாம் விளையாடும் இடமாகக் கணக்கில் சேர்ந்து, மேப் பாரமாகும், கொம்பைல் நேரமும் ஏறும். ஓட்டையைத் தேடி அடைப்பதுதான் வேலை.

பாறைக்கு முக்கோணக் கட்டிகள். நாற்கரமான முகத்தின் ஒரு முனையை இழுத்தால் முகம் கோணி உடையும், முக்கோணம் எப்படி இழுத்தாலும் தட்டையாகவே இருக்கும். அருகருகே இருக்கும் முனைகளை ஒன்றாகப் பிடித்து இழுத்தால் பாறை சேர்ந்தே அசையும். ஒரே மாதிரியான மேடுபள்ளம் வேண்டாம். சுவாமிமலைப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள், நிமிர்ந்த பெரிய முகங்கள், இடையில் ஆழமான வெட்டு. இராவணன் வெட்டு என்று நாம் சொல்கிற அந்தப் பிளவு மாதிரி ஒன்றை வைத்தால் பாறைக்கு முகம் வந்துவிடும். பின்னால் உள்ளே புகும் இரகசிய வழிக்கும் அது இடம்.

கடலுக்கு, பெயர் நட்சத்திரக் குறியில் தொடங்கும் தண்ணீர் டெக்ஸ்சரை ஒரு கட்டியின் எல்லா முகத்துக்கும் பூசினால் போதும். இங்கே தெரிய வேண்டிய ஒன்று, குவேக்கில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் 5 புள்ளிதான் போகும், தண்ணீரில் விழுந்தால் அதுவும் இல்லை. ஆகவே உங்கள் பாறை பயமுறுத்தாது. பயம் வேண்டுமென்றால் அடியில் காயப்படுத்தும் தூண்டி வையுங்கள். எனக்குப் பிடித்தது மற்றது. விழுந்தவர் நீந்தி அந்தப் பிளவுக்குள் திரும்பி வரட்டும். தண்ணீருக்குள் மூச்சு 12 செக்கன் தாங்கும், சுரங்கத்தின் நீளத்தை அதற்குள் முடியுங்கள்.

வெளிச்சம்

நம்முடையது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. மேப்பிலும் சூரியனைக் கடல் பக்கம் தாழ்வாக வையுங்கள். எரிக்டபிள்யூ டூல்ஸில் மேப்பின் பொது அமைப்பிலேயே சூரிய ஒளியின் அளவையும் கோணத்தையும் கொடுக்கலாம், வானக் கட்டிகளிலிருந்து அது வரும். அப்போது ஊரைப் பார்த்த மதில் முகம் நிழலில் இருக்கும், முற்றம் ஒளியில் இருக்கும், வாசலுக்குள் நுழையும்போது முன்னால் வெளிச்சம் அழைக்கும்.

உள்ளே விளக்கு வைத்தால் அதற்கு ஒரு மூலம் தெரிய வேண்டும். தீப்பந்தம், சாளரம், நெருப்புக் குழம்பு, ஏதாவது ஒன்று. மூலம் இல்லாத வெளிச்சம் மேப்பைத் தட்டையாக்கும். மொத்தமாகக் குறைந்தபட்ச ஒளி போடுவதும் அப்படித்தான், எல்லா மூலையும் ஒரே சாம்பல் நிறமாகும்.

யார் எங்கே நிற்பது

வீரன் தொடங்கும்போது கையில் 25 தோட்டா. துப்பாக்கியின் ஒரு சூடு முழுதாகப் பட்டால் 24 புள்ளி. வாள் வீரனான நைட்டுக்கு உயிர் 75, ஆக நான்கு சூடு. 25 தோட்டாவுக்கு ஆறு நைட், அதுவும் ஒன்றும் தவறாமல் பட்டால். இறந்த நைட் தோட்டா எதுவும் விட்டுவிட்டுப் போவதில்லை. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குப் போட்டுத் தோட்டாப் பெட்டி வையுங்கள். ஓகருக்கு 200, டெத் நைட்டுக்கு 250, ஷாம்ப்ளருக்கு 600. ஷாம்ப்ளரை முதல் மேப்பில் விடுங்கள்.

நைட் கிட்ட வந்து வெட்டுகிறவன், அவனை மதில் மேல் நிறுத்திப் பயனில்லை. முற்றத்திலும் படிக்கட்டின் திருப்பத்திலும் வையுங்கள். ஓகரைச் சற்று உயர்ந்த திண்ணையில், மதில் உச்சியில் அல்ல. பறக்கும் ஸ்க்ராக்குகளுக்குக் கடலைப் பார்த்த பாறைப் பக்கம் சரி. நிலவறையில் ஸோம்பி வைக்க ஆசை வரும், கட்டாயம் வரும். அதைத் துப்பாக்கியால் கொல்ல முடியாது, விழுந்து மறுபடி எழும்பும், வெடிகுண்டால்தான் சிதறும். குண்டு எறியும் ஆயுதம் தராமல் ஸோம்பி வைத்தால் விளையாடுகிறவரை நீங்கள் ஏமாற்றியதாகும்.

மூன்று கடின அளவுக்கும் ஒவ்வொரு அரக்கனிலும் தனித்தனிப் பெட்டி இருக்கும், எதில் வர வேண்டாம் என்று குறியிடலாம். சுலபமான அளவைச் சோம்பல்பட்டு விடாதீர்கள், தம்பி தங்கையும் விளையாட வேண்டும்.

ஒரு கல்வெட்டு

குவேக்கின் எழுத்தில் தமிழ் வராது. ஆனால் சுவரில் ஒட்டும் படத்தில் எதுவும் எழுதலாம். பிரட்ரிக் கோட்டை வாசலில், இணைக் கயலோடு குளக்கோட்டன் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வாசலிலும் ஒரு கல் பதியுங்கள். படத்தின் அகலமும் உயரமும் 16இன் மடங்காக இருக்க வேண்டும், 128க்கு 64 நல்ல அளவு. குவேக்குக்கு 256 நிறம்தான், அதன் நிறப் பட்டியலுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். அந்தப் பட்டியலின் கடைசி 32 நிறங்கள் இருட்டிலும் ஒளிரும். மாற்றும்போது அவை கலந்துவிட்டால் கல்லில் சிவப்புப் புள்ளிகள் மினுங்கும், டெக்ஸ்மெக்ஸ் என்ற கருவியில் அவற்றை நீக்கலாம். எழுத்தைக் கறுப்பால் எழுதாமல், கல்லின் நிறத்திலேயே ஒரு படி இருட்டாகவும் கீழ் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சமாகவும் வைத்தால் செதுக்கியது போலவே இருக்கும்.

சோதித்து வெளியிடுதல்

மேப் முடியும் இடத்தில் வெளியேறும் தூண்டியும், முடிவுத் திரைக்கான கமராவும் வைத்தீர்களா என்று பாருங்கள். பிறகு மேப்பைப் பார்க்காத ஒருவரை விளையாட விட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எங்கே திரும்பத் திரும்பப் போகிறார் என்று கொப்பியில் குறியுங்கள். வழி தெரியாமல் நின்றால் அம்புக்குறி போடாதீர்கள், அந்த இடத்தில் ஒரு தீப்பந்தம் கூட்டுங்கள் அல்லது ஒரு சாளரம் திறந்து கோபுரத்தைக் காட்டுங்கள்.

கடைசிக் கொம்பைலில் தெரிவுக் கணக்கை முழுதாக ஓட விடுங்கள், வெளிச்சக் கணக்குக்கு எக்ஸ்ட்ரா என்ற தெரிவைச் சேருங்கள், நிழல் விளிம்புகள் மென்மையாகும். பிஎஸ்பி கோப்பு, மூல மேப் கோப்பு, ஒரு சின்ன எழுத்துக் கோப்பு மூன்றையும் ஸிப் செய்யுங்கள். எழுத்துக் கோப்பில் மேப்பின் பெயர், உங்கள் பெயர் அல்லது புனைபெயர், எந்த எஞ்சினில் சோதித்தீர்கள், யாருடைய டெக்ஸ்சரைப் பாவித்தீர்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். குவேக் மேப்களைச் சேர்த்து வைக்கும் குவாடிக்டட் தளத்தில் போட்டால் உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் இறக்கி விளையாடுவார்கள். மூலக் கோப்பைச் சேர்க்க மறக்காதீர்கள், அடுத்துப் பழக வருகிற பிள்ளை திறந்து பார்க்க அது வேண்டும்.